நாலு ஹெர்ட்ஸ்

செய்தி வந்தது காலை பதினொன்று இருபதுக்கு. இரண்டாம் ஆண்டு வகுப்பில் பலகையில் ஒரு படத்தைப் பாதி வரைந்திருந்தேன். அட்டெண்டர் வாசலில் வந்து நின்றார். எப்போதும் என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். அன்று “அம்மா, கொஞ்சம் வெளியே வாங்க” என்றார்.

“என்ன விஷயம்?”

“ஸ்கோப் சார் ஸ்டோர்ல விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். “கொண்டு போயாச்சும்மா” என்றார் மறுபடியும்.

ஸ்கோப் சார் என்பது என் அத்தான், அக்காவின் கணவர். நான் பாடம் எடுக்கும் இதே பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடமாக எலெக்ட்ரானிக்ஸ் லேப் டெக்னீஷியன். ஆசிலோஸ்கோப் என்கிற, மின்சாரத்தின் துடிப்பைப் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டியின் முன்னாலேயே எப்போதும் நிற்பார் என்பதால் பையன்கள் வைத்த பெயர் அது. வாத்தியார்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

நான் மாடிப்படி இறங்கும்போது துறைத்தலைவர் எதிரே வந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். ஸ்டோர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்று புரிந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: “மேடம், ஸ்டோர் சாவி இப்ப யாருகிட்ட இருக்கு?”

அந்த ஸ்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்கு அடியில், கழிவறைச் சுவரை ஒட்டிய அறை. சுவர் வழியாக ஈரம் இறங்கும். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து ஆறு வருடம் ஆகிறது. புறாக்கள் வந்து போகும். எங்கள் லேபில் முன்பு இருந்த மேசைகள், மீட்டர்கள், பதினாறு ஆசிலோஸ்கோப்புகள், சிப்புகள் அடுக்கிய சிறு இழுப்பறைகள் எல்லாம் அங்கேதான் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. புறா எச்சம் அவற்றின்மேல் வெள்ளைப் பூச்சு மாதிரி காய்ந்திருந்தது. உள்ளே போனால் தொண்டை கரிக்கும். அங்கே முட்டிபோட்டு இழுப்பறை இழுப்பறையாகத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அத்தானின் நெஞ்சு நின்றுபோனது. ஐம்பத்து நாலு வயது.

அத்தான் முதலில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டு ரேடியோவைப் பார்க்க வந்தார். பார்த்து, சரிசெய்து, பாடவைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அது நின்றது. மறுபடி வந்தார். நாலாம் நாள் மறுபடி நின்றது. அப்பா கடுப்பாகி, “தம்பி, இது ரேடியோவா உங்க வீட்டுக் கடிகாரமா? சாவி கொடுக்கவே வர்றீங்களே!” என்றார். அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். கல்யாணத்துக்குப் பிறகு முப்பது வருடமாக அந்த வழக்கு நடந்தது. “வேணும்னே ஒரு கம்பியத் தளர்வா விட்டுட்டுப் போனீங்கதானே?” என்று அக்கா கேட்பாள். “ஈயம் சரியா உருகல. அவ்வளவுதான். தொழில்ல பொய் சொல்ல மாட்டேன்” என்று அவர் சொல்வார். காது மட்டும் சிவக்கும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு மாலை வகுப்பில் டிப்ளமோ படித்தார். பதவி உயரவில்லை. அதைப் பற்றி அவர் பேசியும் நான் கேட்டதில்லை. லேபுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து பதினாறு ஸ்கோப்பையும் சூடேற்றி வைப்பார். சுட்ட ஈயத்தின் மணம் அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். லேபில் என்னை “மேடம்” என்பார், மரியாதை குறையாமல். வீட்டு வாசல் தாண்டினால் “ஏய் சின்னவளே, உங்க அக்காகிட்டக் காபி கேளு” என்பார். இரண்டையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் துறைத்தலைவர் ஒரு கூட்டத்தில், “இனிமே எல்லாம் சாஃப்ட்வேர்லதான். தூசி கிடையாது, ஷாக் கிடையாது, உடையறது கிடையாது” என்று அறிவித்தார். ஒரே வாரத்தில் லேபைக் காலிசெய்து கணினிகளை வரிசையாக வைத்தார்கள். சிப்பும் கம்பியும் இல்லை. திரையில் படத்தை இழுத்துப் போட்டுக் கோடு இழுத்தால் சர்க்யூட். டிஜிட்டல் லாஜிக் மென்பொருள் என்று பெயர். நல்ல மென்பொருள்தான். கூட்டல், கழித்தல், எண்ணுவது எல்லாம் அழகாகச் செய்துகாட்டும். அதனால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. எங்கள் செய்முறைக் கையேட்டில் அதுதான் ஏழாம் சோதனை.

ஏழாம் சோதனை எளிமையானது. ‘நாட் கேட்’ என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஒன்று கொடுத்தால் வெளியே பூஜ்யம் தரும்; பூஜ்யம் கொடுத்தால் ஒன்று தரும். சொன்னதை மறுப்பது மட்டுமே அதன் வேலை. அப்படி மூன்றை வரிசையாக வைத்து, கடைசியின் வாயை முதலாவதின் காதில் கொண்டுவந்து சேர்த்தால் ஒரு வளையம். அது எந்த நிலையிலும் நிற்காது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று துடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் ஆசிலேட்டர். அத்தான் ஒருநாள் சாப்பிடும்போது என் அம்மாவுக்கு இதை விளக்கினார்.

“இப்ப பாருங்க அத்தை. நீங்க, உங்க பெரிய பொண்ணு, சின்னப் பொண்ணு. மூணு பேர். நீங்க ஒண்ணு சொன்னா பெரியவ இல்லம்பா. பெரியவ சொன்னதை சின்னவ இல்லம்பா. சின்னவ சொன்னதை நீங்க இல்லம்பீங்க. முடிவுக்கு வருமா?”

“எப்படிப்பா வரும்?” என்றாள் அம்மா, கோபமே இல்லாமல்.

“அதான் ஆசிலேட்டர். இன்னொருத்தர் சேர்ந்து நாலு பேர் ஆனா சமாதானம் ஆகி நின்னுடும். ஒத்தைப்படைதான் முக்கியம்.”

“அப்போ நாலாவது ஆளு நீங்கதான்” என்றாள் அக்கா.

“நான் கரண்ட்டு மட்டும்தான் குடுப்பேன். வாயே திறக்க மாட்டேன்” என்றார்.

நிஜமான சிப்பில் ஒவ்வொரு கேட்டும் மறுப்பதற்கு ஒரு துளி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதத்தால்தான் துடிப்பே பிறக்கிறது. மூன்று கேட் வளையம் நொடிக்கு ஒன்றரைக் கோடி தடவைக்கு மேல் துடிக்கும். எங்கள் மென்பொருளுக்கோ அந்தத் தாமதம் கணக்கில் இல்லை. ஒரு முடிவு கிடைத்தால்தான் அது அடுத்த அடி வைக்கும். வளையத்தை மூடியதும் சில ஆயிரம் முறை சுற்றிப் பார்த்து, முடிவே கிடைக்காமல், கம்பியைச் சிவப்பாக்கி, ‘ஊசலாட்டம் கண்டறியப்பட்டது’ என்று பிழை காட்டி நின்றுவிடும். எதைச் செய்யத்தான் அந்தச் சர்க்யூட்டோ அதையே குற்றமாகச் சொல்லி நிறுத்தும்.

மென்பொருள் வந்த முதல் பருவத்தில் ஆய்வுக் கமிட்டி வருவதாக இருந்தது. முந்தைய நாள் மதியம் துறைத்தலைவர் என் மேசைக்கு வந்தார். “எல்லாம் ஓடுது, ஏழு மட்டும் சிவப்பாயிடுது. நீங்கதானே பாடம் எடுக்கறீங்க? நாளைக்குப் பச்சையா இருக்கணும்” என்றார். லேபுக்குப் போய் நான் செய்தேன். வளையத்தை அழித்தேன். மென்பொருளிலேயே ‘க்ளாக்’ என்று ஒரு தயார்ப் பொருள் உண்டு. தானாகக் கண் சிமிட்டும், எந்தச் சர்க்யூட்டும் தேவையில்லை. அதை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினேன். பெட்டியின் மேல் ‘வளைய ஆசிலேட்டர்’ என்று எழுதினேன். மூன்று நாட் கேட்டின் படத்தையும் அலங்காரத்துக்கு மேலே வரைந்தேன். பத்து நிமிட வேலை. அந்த நேரத்தில் மென்பொருளின் வேகம் நாலில் இருந்தது. நான் வைக்கவில்லை, யாரோ வைத்துவிட்டுப் போனது. பெட்டி நொடிக்கு நாலு தடவை சிமிட்டியது. ‘அதிர்வெண்: நாலு ஹெர்ட்ஸ்’ என்று கையேட்டில் விடையாகச் சேர்த்தேன்.

அத்தான் அப்போது உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். பெட்டியை இரண்டு முறை சொடுக்கித் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார்.

“மேடம், இது என்ன?”

“தற்காலிகம்தான் அத்தான். கமிட்டி போனதும் எடுத்துடறேன்.”

லேபில் நான் அவரை அத்தான் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

கமிட்டி பார்த்தது, தலையாட்டியது, பிஸ்கட் சாப்பிட்டது, போனது. பெட்டி அங்கேயே இருந்தது. மாணவர்கள் அதைப் பென்டிரைவில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். ஆறு வருடம். பருவத்துக்கு நூற்றிருபது பேர். ஒவ்வொருவர் ரெக்கார்டிலும் நாலு ஹெர்ட்ஸ். நான்தான் திருத்துவேன். சிவப்பு மையில் சரி போடுவேன். ஒன்றரைக் கோடிக்குப் பதில் நாலு. எழுதியவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை; நான் கேட்கவிடவில்லை என்பதே சரி. பருவ ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, அத்தான் மட்டும் கேட்பார்: “சின்னவளே, அந்தப் பெட்டிய எடுத்தியா?” நான், “இந்த வாரம் எடுத்துடறேன்” என்பேன். அந்த ரெக்கார்டு நோட்டுகளின் அட்டையில் வியர்வையும் டீக்கறையும் சேர்ந்து ஒரு பிசுபிசுப்பு இருக்கும். இப்போது அதை நினைத்தாலே கையைக் கழுவத் தோன்றுகிறது.

போன பருவத்தில் ஒரு மாணவி வந்தாள். வாயால் யார் எதைச் சொன்னாலும், “அதை எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்பாள். வகுப்பில் அவளுக்கு ‘நோட்டரி’ என்று பெயர். செய்முறைத் தேர்வில் சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ஏழு விழுந்தது. அவள் யாரிடமும் பென்டிரைவ் வாங்கவில்லை. கையேட்டில் உள்ளபடி மூன்று கேட்டைப் போட்டு வளையத்தை மூடினாள். திரை சிவந்தது. தாளில் அவள் எழுதியது: ‘மென்பொருள் இதைப் பிழை என்று நிறுத்திவிட்டது. அலை எதுவும் கிடைக்கவில்லை. அதிர்வெண்ணை அளக்க முடியவில்லை.’

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தத் தாளில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். ஏழு விழுந்த மற்றவர்கள் எல்லாரும் நாலு என்று எழுதியிருக்க, இவளுக்கு மட்டும் எப்படி வராமல் போகும்? அவர் கோணத்தில் அது நியாயம்தான். அந்தப் பூஜ்யத்தால் அவளுக்கு ஒரு வருடம் போகும். மேற்படிப்புக்கு வந்த இடமும் போகும்.

அன்று லேப் டூட்டியில் இருந்தவர் அத்தான். அவள் திரையைக் கண்ணால் பார்த்தவர். தேர்வுப் பிரிவுக்கு அவள் கொடுத்த மனுவோடு தன் கையெழுத்துப் போட்ட ஒரு சாட்சிக் கடிதமும் இணைத்தார். விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அவர் என்னிடம் சொன்னார்: “நாளைக்குக் கேப்பாங்க. நீயே பெட்டிய நாலு பேர் முன்னாடி திறந்து காட்டிடு. முடிஞ்சுபோச்சு.”

“என் வேலை என்ன ஆகும் அத்தான்?”

“திட்டுவாங்க. ஒரு மெமோ குடுப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம்டி.”

அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் சரி என்றேன்.

விசாரணை அறையில் தேர்வுப் பிரிவு அதிகாரி, துறைத்தலைவர், நான், அத்தான், அந்தப் பெண். துறைத்தலைவரின் சென்ட் வாசனை அறையில் கெட்டியாக நின்றது. அதிகாரி என்னைப் பார்த்து, “மேடம், ஏழாம் சோதனை இந்த மென்பொருள்ல ஓடுமா, ஓடாதா?” என்றார். துறைத்தலைவர் என்னைப் பார்க்கவில்லை. தன் நகத்தைப் பார்த்தார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு என் குரல் சொன்னது எனக்கே கேட்டது:

“ஓடும் சார்.”

கோப்பைத் திறந்து காட்டினேன். பெட்டி பச்சையாகச் சிமிட்டியது. நாலு, நாலு, நாலு.

அத்தான் எழுந்து மேசைக்கு வந்தார். மவுஸின் மேல் கையை வைத்தார். அம்பு பெட்டியின் மேல் போய் நின்றது. இரண்டு சொடுக்கு போதும். அவர் விரல் அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் மட்டும் விடவில்லை. “சார், நிஜமான சிப்ல, நிஜமான ஸ்கோப்ல இத செஞ்சு பாக்க அனுமதி வேணும். எழுதிக் கொண்டாந்திருக்கேன்” என்று ஒரு தாளை நீட்டினாள். எழுத்தில் வந்த கோரிக்கைக்கு எழுத்தில்தான் பதில் தர வேண்டும் என்பது தேர்வுப் பிரிவின் விதி. அதிகாரி சலிப்போடு மூன்று வாரம் கொடுத்தார்.

வெளியே வண்டி நிறுத்தத்தில் அத்தானைப் பிடித்தேன்.

“ஏன் திறக்கல?”

“அது உன் பெட்டி. நீதான் திறக்கணும்” என்றார். “நான் திறந்தா உன்ன மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். உங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?” வண்டியை உதைத்தார். கிளம்பாமல் நின்று, “நாக்குதான் ஒட்டிக்கிச்சு, கைக்கு என்ன வந்துச்சு உனக்கு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே அனுமதிச் சீட்டு வாங்கி ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போனார். எச்சத்தைச் சுரண்டித் துடைத்து உயிர் கொடுத்தார். அது பழையது, நொடிக்கு ஐம்பது லட்சம் துடிப்புக்குமேல் அதற்குக் கண் தெரியாது. கேட் கூடினால் வளையம் மெதுவாகும். ஒரு சிப்பில் ஆறு நாட் கேட் இருக்கும், ஒத்தைப்படைக்காக ஐந்தைத்தான் வளையத்தில் போடலாம். அது ஒரு கோடி தடவை துடிக்கும், ஸ்கோப்புக்குப் பிடிபடாது. இரண்டு சிப்பு இருந்தால் பதினொன்று போடலாம். நாற்பத்தைந்து லட்சத்துக்கு இறங்கிவிடும். அவரிடம் நல்ல சிப்பு ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதைத் தேடித் தினமும் வகுப்பில்லாத நேரத்தில் ஸ்டோருக்குப் போனார். ஈரத்தில் பெரும்பாலானவற்றின் கால்கள் பச்சை பூத்திருந்தன. பத்து நாள் தேடினார். பத்தாம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு அட்டெண்டர் என் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

எட்டாம் நாள் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. அடையாள அட்டையிலிருந்து வெட்டி எடுத்த படத்தைப் பெரிதாக்கி பேனர் அடித்திருந்தார்கள்; முகம் சதுரம் சதுரமாக உடைந்திருந்தது. அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். யாரோ ஒருவர் அவள் காதருகே, “சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்” என்றார். இரண்டு நிமிட மௌனத்தை நாற்பது விநாடியில் முடித்தார்கள். துறைத்தலைவர்தான் கடிகாரம் பார்த்தவர். பிறகு அவர் மேடையேறினார். அத்தானைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு நல்ல சொல்லும் பயன்படுத்திய கைக்குட்டையை நீட்டுவதுபோல இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அத்தானுக்கு ஒரு நாற்காலிகூட ஒழுங்காகக் கொடுக்காத மனிதர், “எங்கள் துறையின் முதுகெலும்பு” என்றார். முதுகெலும்பை அவர்கள் வைத்திருந்த இடம் மாடிப்படிக்கு அடியில்.

கடைசியாகப் பெரிய திரையில் ஒன்றைக் காட்டினார். என் பெட்டி. ‘வளைய ஆசிலேட்டர்’ என்று மேலே எழுதியிருக்க, பச்சையாகச் சிமிட்டியது. பக்கத்தில் அத்தானின் உடைந்த முகம்.

“இது அவர் கையால செஞ்சது. ஆறு வருஷமா நம்ம பசங்க இதுலதான் படிக்கறாங்க. அவர் உடம்புதான் நின்னுச்சு. அவர் செஞ்ச சர்க்யூட் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு” என்றார். குரலை வேறு நடுங்கவைத்தார்.

கைதட்டினார்கள். செத்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது என்பதால் பொய்யை அவர் பெயருக்கு மாற்றி எழுதுகிறார்கள். அதிகாரி கொடுத்த கெடு முடிய இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. பெட்டி செத்தவருடையது என்றாகிவிட்டால் அந்தப் பெண்ணின் சாட்சியே பொய்க்காரர் ஆகிவிடுவார். இவ்வளவும் எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. எழுந்து போக இன்னும் சில நொடிகள் ஆயின.

மேடைக்குக் கீழே இருந்த கணினியில் மவுஸைப் பிடித்தேன். யாருடைய வியர்வையோ அதில் ஒட்டியிருந்தது. அம்பைப் பெட்டியின்மேல் கொண்டுபோய் இரண்டு முறை சொடுக்கினேன்.

பெட்டி திறந்தது. பெரிய வெள்ளைத் திரை. அதன் நடுவில் ஒரேயொரு க்ளாக். மூன்று கேட்டும் இல்லை, வளையமும் இல்லை. ஒற்றைச் சதுரம் சும்மா கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு பையன் தன்னையறியாமல் “அடப்பாவி” என்றான். யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள்.

“இதை அவர் செய்யல. நான் செஞ்சேன்” என்றேன். “கமிட்டிக்காகச் செஞ்சேன். ஏழாம் சோதனை இந்த மென்பொருள்ல ஓடாது. அன்னைக்கு விசாரணைல நான் சொன்னது பொய்.”

துறைத்தலைவர் மைக்கை மூடிக்கொண்டு, “மேடம் துக்கத்துல இருக்காங்க. யாராவது தண்ணி குடுங்கப்பா” என்றார்.

முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். எட்டு நாளாக யாரிடமும் பேசாதவள். “அவ தெளிவாத்தான் இருக்கா. நீங்க உக்காருங்க சார்” என்றாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கூட்டம் கலைந்தபோது நோட்டரி என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள்.

“மேடம், இப்ப சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?”

நின்ற இடத்திலேயே, சுவரில் நோட்டை வைத்து எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவள் ஒருமுறை படித்துவிட்டு, “நாலு ஹெர்ட்ஸ்னு கையேட்டுல சேர்த்ததும் நீங்கதான்னு ஒரு வரி விட்டுப்போச்சு மேடம்” என்றாள். அதையும் எழுதினேன்.

மறுநாள் தேர்வுப் பிரிவு அவளுக்குத் தேர்ச்சி மதிப்பெண் போட்டது. ஆணையில் இருந்த காரணம்: ‘கருணை அடிப்படையில்’. எனக்கு மெமோ வந்தது. அதில் பெட்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘இரங்கல் கூட்டத்தின் கண்ணியத்தைக் குலைத்தது’ என்று இருந்தது. புதிய கையேடும் வந்துவிட்டது. ஏழாம் சோதனையைத் திருத்துவார்கள் என்று நினைத்தேன். எடுத்தே விட்டார்கள். மற்ற எண்களை மாற்றவும் அலுப்பு. இப்போது ஆறுக்கு அடுத்து எட்டு வருகிறது. ஸ்டோருக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அப்படியே இருக்கிறது.

நோட்டரி கருணையை வாங்கிக்கொள்ளவில்லை. மேற்படிப்புக்கு அது போதும் என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

“நான் எழுதினது சரி மேடம். சரியா எழுதினதுக்கு எதுக்கு மன்னிப்பு? ஸ்கோப் சார் கையெழுத்துப் போட்டது கருணைக்கு இல்லையே” என்றாள்.

கருணை என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று மனு கொடுத்தாள். அப்படியானால் நிஜ சர்க்யூட்டை அதிகாரி முன்னால் ஓடவிட்டு, மென்பொருளிலும் அதையே போட்டு இரண்டையும் அருகருகே காட்ட வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த மாதம் பத்தாம் தேதி. காட்ட வேண்டியவர் பெயர் இருந்த இடத்தில் அத்தானின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறார்கள். அடித்த கோட்டுக்கு அடியில் அவர் பெயர் தெளிவாகவே தெரிகிறது.

அக்கா வீட்டு மேசையில் ஸ்கோப் இருக்கிறது. அதன் முன்னால் சிப்பும் கம்பியும் செருகும் துளைப்பலகை. ஒரு சிப்பு பொருத்தி, ஐந்து கேட் வரை சிவப்புக் கம்பியில் வரிசையாக இணைத்திருக்கிறார். ஐந்தாவதிலிருந்து கிளம்பும் கம்பி முனை உரித்தபடி நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த சிப்பின் இடம் காலி. ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையில் அவர் கண்ணாடி, பேனா, வீட்டுச் சாவியோடு அந்த இரண்டாவது சிப்பும் இருந்தது. சட்டைப் பையில் இருந்து எடுத்ததாகச் சொன்னார்கள். அன்று காலை கிடைத்துவிட்டிருக்கிறது. பச்சை பூக்காத நல்ல சிப்பு. விழுந்தபோது அழுந்தியதில் அதன் பதினாலு கால்களில் ஒன்று உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. அதை நான் இன்னும் நிமிர்த்தவில்லை.